ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள், நான் எழுதவில்லை

2023இல் நான் வேலை பார்த்த கங்கைகொண்டான் சிப்காட் கம்பெனியில், ஆர்டர் குறைந்துவிட்டது என்று பேக்கிங் செக்‌ஷனில் சிலரை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டு, ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த தாளை நீட்டினார்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன்" என்று இருந்தது, தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். போட்டால் ஒரு மாதச் சம்பளம் உடனே ஏறிவிடும் என்றார்கள்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, தாழையூத்தில் எங்கள் தெருவிலிருக்கும் பழைய யூனியன்கார அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஏ தம்பி, கையெழுத்து மட்டும் போட்டுராத. போட்டா நீயா போன கணக்காயிரும்" என்றார்.

அவர் சொன்னதுதான் முழு விஷயமும். ராஜினாமா கொடுத்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. கம்பெனியாக நிறுத்தினால், அப்போதிருந்த 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டம் 25எஃப் பிரிவுப்படி, காரணம் எழுதி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். அதுபோக, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசி வருடத்தில் ஆறு மாதம் தாண்டியிருந்தால் அதுவும் ஒரு வருடம்தான். எனக்கு 7 வருடம் 8 மாதம், அதனால் 8. மாதம் 18,000 என்றால் பாதி 9,000, அதை எட்டால் பெருக்கினால் 72,000. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இதில் சேராது, அது தனி: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000, அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500, எட்டு வருடத்துக்கு 60,000. இவ்வளவையும் ஒரு மாதச் சம்பளத்தில் முடிக்கப் பார்த்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நான் எழுதித் தரவில்லை. மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே, வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று பதிவுத் தபால் அனுப்பினேன். அந்த ஒப்புகை அட்டைதான் அப்புறம் பெரிய சாட்சியாக நின்றது.

தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் அதே சட்டத்தின் 2ஏ பிரிவில் மனு கொடுத்தேன். யூனியன் இல்லாவிட்டாலும் தனி ஆளாகக் கொடுக்கலாம், 45 நாளில் முடியாவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அப்போது இருந்தது. சம்பளச் சீட்டு, ஐடி கார்டு, பி.எஃப். பாஸ்புக் எல்லாம் நகல் வைத்தேன். கம்பெனி ஆள் ஒவ்வொரு முறையும் வாய்தா கேட்டார். ஒரு நாள் அலுவலர், இவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் அதே செக்‌ஷனில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 25ஜி பிரிவு. அதன் பிறகுதான் பேச்சு பணத்துக்கு வந்தது. இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம், கிராஜுவிட்டி மூன்றையும் தனித்தனித் தொகையாக எழுதி சமரச அலுவலர் முன்னால் 12(3) பிரிவு ஒப்பந்தம் போட்டோம். மொத்தமாக ஒரே தொகை என்று எழுதச் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி ஆள் எடுத்தால் எனக்கு முன்னுரிமை என்பதையும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஒரு மாத நோட்டீஸும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் அதிலும் இருக்கின்றன, பிரிவு எண்கள்தான் வேறு. பழைய மனுவைப் பார்த்து எழுதுகிறவர்கள் எண்ணை மாற்றி எழுதுங்கள்.