நடுராத்திரியில் கேட்ட விசித்திரமான கணவர்

ஆறு வாரமாக ஒரே எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானியத்தில் புதிதாக ஒரு கஞ்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) படிக்கவில்லை, புது இலக்கணம் தொடவில்லை. வெறும் ‘த’. அதில் பாதி ஜெயித்துவிட்ட திமிரில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பானியம் தொடங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. வகுப்பு எதுவும் போகவில்லை. வேலை முடிந்து, சாப்பிட்டு, ராத்திரி 9 மணிக்கு மேல் கிடைக்கிற ஒரு மணி நேரம்தான். போன டிசம்பரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் ஜேஎல்பிடி என்ற ஜப்பானியத் திறன் தேர்வில் என்4 நிலை எழுதினேன். 180க்கு 137. தேற 90 போதும் என்பதால் ஒரு மாதம் வீட்டில் என் அலட்டல் தாங்கவில்லை. ஆனால் அந்தத் தேர்வில் பேச்சுக்கு மார்க்கே கிடையாது. படி, கேள், வட்டத்தைக் கறுப்பாக்கு, கிளம்பு. அதனால் என் வாய் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை, நானும் சோதித்துக்கொள்ளவில்லை.

சோதித்தது ஜப்பானில் ஒகயாமாவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். சனிக்கிழமை மாலை நாலரைக்கு, அங்கே இரவு எட்டு மணிக்கு, வீடியோ அழைப்பில் பேசுவோம். அரை மணி ஜப்பானியம், அரை மணி ஆங்கிலம். நான் அவரைச் சென்செய், அதாவது ஆசிரியர், என்பேன். அன்று அவர் நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டார். எங்கள் மேல்வீட்டில் யாரோ கட்டிலை இழுத்துப் போடுகிற கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நடுராத்திரியில் மேலேயிருந்து விசித்திரமான சத்தம் கேட்கிறது என்று, வினை எல்லாம் சரியாக வைத்து, முழு வாக்கியமாகச் சொன்னேன். சென்செய் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “யாருடைய கணவர்?”

சத்தத்துக்கும் கணவருக்கும் ஜப்பானியத்தில் ஒரு ‘த்’ மட்டுமே வித்தியாசம்.

இதைத் தமிழில் எழுதிக் காட்டுவதே பெரும் பாடு. கணவர், ஒத்தொ. அது சரி. சத்தம் என்பதை ‘ஒதொ’ என்று எழுதினால், நாம் ‘பதம்’, ‘இதோ’ என்று சொல்வதுபோல அந்தத் த குழைந்துவிடும். அங்கே த வன்மையாக இருக்க வேண்டும், ஆனால் இரட்டிக்கக் கூடாது. இந்தக் குறிப்பில் அதற்கு நானே ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறேன்: நடுவில் கோடு போட்டு ஒ-தொ என்று எழுதினால் அது இரட்டிக்காத வன்மை.

தமிழ் நாக்குக்கு இந்த இடத்தில் இரண்டு கியர்தான். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக வந்தால் மெலியும். வன்மை வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். பதம், பத்து. அகம், அக்கா. ஜப்பானியத்துக்கு மூன்று கியர். நான் தினமும் தடுக்கி விழுகிற வரிசை இது: மத என்றால் ‘இன்னும்’. ம-த என்றால் ‘மறுபடியும்’. மத்த என்றால் ‘காத்திருந்தேன்’. (சுமோ மல்யுத்தத்தில் தயாராகாத வீரர் நிறுத்தச் சொல்வதும் இந்த மத்ததான்.) ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று விடைபெறுவதற்கு ம-த ரைஷூ என்பார்கள். ஒரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மத்த ரைஷூ என்று சொல்லி, அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்துவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சென்செய் மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார்.

நான் மட்டும் இப்படி இல்லை என்பதற்குத் தமிழ் எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. டோக்கியோ என்கிறோம், அங்கே க் இரட்டிப்பதில்லை. கியோட்டோவிலும் ட் இரட்டிப்பதில்லை. ஒற்றையாக விட்டால் மெலிந்துவிடும் என்று பயந்து ஒரு ஒற்றைச் செருகியிருக்கிறோம். டொயோட்டாவைப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் பெயர் டொயோடா, மெலிந்த ஒலி. 1936ல் சின்னத்துக்காகப் போட்டி வைத்தபோதுதான் வல்லொலியுள்ள பெயருக்கு மாறினார்கள். கதகானா என்ற ஜப்பானிய எழுத்து வகையில் எழுதினால் எட்டே கீற்று, எட்டு ராசியான எண் என்பது அதற்கு ஒரு காரணம். மெலிந்த ஒலிக்கு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும், அப்போது பத்துக் கீற்று ஆகிவிடும். அவர்கள் இரண்டு புள்ளியை எடுத்தார்கள். நாம் ஒரு ‘ட்’ சேர்த்துக்கொண்டோம்.

அந்த இரண்டு புள்ளியில்தான் என் வினையும் ஆரம்பித்தது. கா வரிசை, தா வரிசை எல்லாம் ஒரே எழுத்துதான், புள்ளி வைத்தால் மெலிந்த ஒலி. தொடக்கத்தில் காசு மிச்சம் பிடிக்க ஒரு பயிற்சிப் புத்தகத்தை இணையக் கடை ஒன்றில் பாதி விலைக்கு வாங்கினேன். வந்தது ஜெராக்ஸ் பிரதி. புள்ளிகள் மூன்று பக்கத்துக்கு ஒரு தடவைதான் தெரிந்தன. பா வரிசைக்குப் போடுகிற குட்டி வட்டமும் புள்ளியும் ஒரே கறையாக இருந்தன. திருப்பி அனுப்ப முயன்றேன், பதிலே இல்லை. அதற்கு மேல் நான் செய்த மடத்தனம், ஒவ்வொரு சொல்லின் கீழும் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்தது. மூன்று மாதம் அப்படிப் படித்தேன். சாவியும் சீமைப் பனிச்சைப் பழமும் என் நோட்டில் ஒரே ‘ககி’. இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாராவது கேட்டால், முதல் வாரத்திலேயே தமிழில் எழுதுவதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவேன்.

புள்ளியை விடுவது ஒன்றும் புதிதில்லை என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். 1889ல் ஜப்பானில் வந்த மெய்ஜி அரசியலமைப்பில் புள்ளி கிடையாது. ‘கூடாது’ என்ற பொருளில் பெ-கரஜு என்று படிக்க வேண்டியது அங்கே ஹெ-கரசு என்று நிற்கும். படிக்கிறவர்தான் மனதுக்குள் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பவர் தலையில் பாரத்தை ஏற்றுவதில் நம் எழுத்துக்குத் தம்பி முறை.

சரி, ஆறு வாரத்தில் என்ன செய்தேன்?

முதல் வாரம் சும்மா திரும்பத் திரும்பச் சொன்னேன். பிரயோஜனமில்லை. என் காதே எனக்குப் பொய் சொன்னது. இரண்டாவது வாரம் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் சென்செய் சொன்ன ஒ-தொவைப் பதிவு செய்து, அதற்குக் கீழே என்னுடையதைப் போட்டு, அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருடையது: ஒரு மேடு, நடுவில் சின்னத் தட்டைக்கோடு, மறுபடி ஒரு மேடு. தட்டைக்கோட்டின் நீளம் கிட்டத்தட்ட 90 மில்லி நொடி. என்னுடையதில் அது 210. அதாவது அக்மார்க் கணவர். குறைக்கப் பார்த்தால் தட்டைக்கோடே காணாமல் போய், அங்கே புழு நெளிவதுபோல ஒரு அலை. நாக்கு பல்லைத் தொடும்போதும் தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். 210 அல்லது புழு. நடுவில் எதுவும் வரவில்லை. ஒரு ராத்திரி அறுபது தடவை பதிவு செய்தேன். மனைவி கதவைத் திறந்து, “யாரையாவது கூப்பிடுகிறீர்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விரலால் தட்டி எண்ணிப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜப்பானியத்தில் நம் மாத்திரை மாதிரியே ஒரு கணக்கு உண்டு, ஹைக்குவின் 5-7-5 எண்ணுவதும் அதைத்தான். ஆனால் ஒற்றுக்கு நாம் அரை மாத்திரை கொடுக்கிறோம், அவர்கள் முழுசாக ஒன்று கொடுக்கிறார்கள். ஜப்பானுக்கு அவர்கள் சொல்லும் நிப்பொன் என்பதை நம் கணக்கில் போட்டால் மூன்று மாத்திரை, அவர்கள் கணக்கில் நான்கு. ஒத்தொவுக்கு மூன்று தட்டு, ஒ-தொவுக்கு இரண்டு. இந்தத் தட்டல் கணவரைச் சரிசெய்தது; அவர் இப்போது கச்சிதமாக மூன்று தட்டில் வருகிறார். சத்தத்துக்கு உதவவில்லை. இரண்டு தட்டில் சொல்லும்போது புழு வந்துவிடுகிறது.

திருப்பம் வந்தது தோசைக்கல் முன்னால். பையன், “இன்னொரு தோசை” என்றான். ஒரு பசிக்காரக் குழந்தை அவசரமில்லாமல், தனித்தனியாகச் சொல்கிற ‘தோசை’. அந்த த மெலியவில்லை, இரட்டிக்கவும் இல்லை! தமிழில் சொல்லின் முதலில் வருகிற வல்லினம் ஒற்றையாக இருந்தாலும் வன்மைதான். நமக்கு அந்த மூன்றாவது கியர் இருக்கிறது, சொல்லின் வாசலில் மட்டும். அப்படியானால் ஒ-தொவை ஒரு சொல்லாக நினைக்காமல், ஒ என்று முடித்துவிட்டு, தோசை சொல்லத் தொடங்குவதுபோல் தொ சொன்னால்? சொன்னேன். ஒ, தோசை. ஒ, தொசை. ஒ, தொ. பதிவைப் பார்த்தால் தட்டைக்கோடு 105. தோசை ஒன்று கருகியது, கவலைப்படவில்லை.

மற்றதும் இதே வழிதான். ம, தம்பி: ம-த. க, கிளி: க-கி, இது பழம், குழைத்துச் சொன்னால் சாவி. ‘க’வும் எனக்குப் பெரிய தொல்லை, ஏனென்றால் ‘அகம்’, ‘முகம்’ சொல்கிற தொண்டை அதைக் கிட்டத்தட்ட ஹ ஆக்கிவிடுகிறது. ஒ, கயிறு என்று பழகி ஒ-கயாமாவைச் சரி செய்தேன். ஒரு வருடமாகச் சென்செயின் ஊர்ப் பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சொல்லின் முதலில் வரும் மெலிந்த ஒலிகள் பிரச்சினை இல்லை. கேட், பஸ், டாக்டர் என்று நாள் முழுக்கச் சொல்கிற வாய்தானே.

நடுவராக வைத்துக்கொண்டது கைபேசியின் குரல் தட்டச்சு. விசைப்பலகையை ஜப்பானியத்துக்கு மாற்றி, சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாக்கியமாகச் சொன்னால் அது புத்திசாலித்தனமாகத் திருத்திக்கொள்ளும், ஏமாந்துபோவோம். இருபது தடவை சொல்வேன். சத்தத்துக்கான கஞ்ஜி வந்தால் எனக்கு ஒரு மார்க்: மேலே ‘நில்’, கீழே ‘சூரியன்’. ‘பெரிய’ என்பதற்கான எழுத்துக்கு மேலே இன்னொரு கோடு போட்டதுபோல வந்தால் கணவர். மூன்றாவது வாரம் இருபதுக்கு மூன்று. இந்த வாரம் பதினேழு. ஆனால் ஓடுகிற பேச்சில் இன்னும் பாதிக்குப் பாதிதான், அதுவும் கோபத்திலோ அவசரத்திலோ இருந்தால் பூஜ்யம்.

இதற்கு நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தமிழ் நாக்கு ஜப்பானியத்துக்கு லாயக்கில்லை என்று யாராவது நினைத்துவிடுவார்கள். ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவு என்று எழுதியதை மொழியியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, தபெ-தெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார், ஷி-தெ ஒ-கு என்றால் செய்து வை, ஷி-தெ ஷிமவு என்றால் செய்துவிடு. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதற்கு மூன்று அத்தியாயம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு மாலை நேரம் போதுமாக இருந்தது. அந்த மாலையின் கர்வத்துக்கு இந்த ஆறு வாரம் சரியாகப் போய்விட்டது.

அடுத்து தோண்ட வேண்டும் என்று வைத்திருப்பது ரெந்தகு. இரண்டு சொல் சேரும்போது நமக்கு வல்லினம் மிகும். அவர்களுக்கு வல்லினம் மெலியும். காகிதம் கமி, மடித்தால் ஒரிகமி. இரண்டாவது சொல்லில் ஏற்கெனவே மெலிந்த ஒலி ஒன்று இருந்தால் மெலியாது, அதனால்தான் காற்று என்ற கஜெ சேர்ந்தும் கமி-கஜெ (இந்தக் கமி காகிதம் இல்லை, கடவுள்) அப்படியே நிற்கிறது. லைமன் விதி என்கிறார்கள். ‘வல்லினம் மிகா இடங்கள்’ பாடத்தில் தூங்கி வழிந்தவன் இதை விழுந்து விழுந்து படிக்கிறேன். ஓஜாட் என்ற, சொல்லில் குரல் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று காட்டும் சுருதி அகராதியையும் திறந்து வைத்திருக்கிறேன், தோக்கியோ பல்கலைக்கழகத்தாரின் இலவசத் தளம். (பார்த்தீர்களா, தோக்கியோ. மறுபடி ஒரு க் நுழைந்துவிட்டது.) ஜூலையில் அடுத்த நிலைத் தேர்வான என்3. எழுதும் பயிற்சி மட்டும் படுத்துவிட்டது, கஞ்ஜி தொள்ளாயிரத்தில் நிற்கிறது. நானூறு கட்டம் போட்ட ஜப்பானியத் தாளுக்கு இங்கே விலை கட்டுபடியாகவில்லை. ஒன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு, பெரிய கட்டம் போட்டது, ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். கட்டம் கச்சிதம், தாள்தான் மை ஊறுகிறது.

போன சனிக்கிழமை சென்செயிடம் நிதானமாகச் சொன்னேன்: மேல்வீட்டுக்காரர்கள் கட்டிலுக்கு ரப்பர் வைத்துவிட்டார்கள், ஒ-தொ நின்றுவிட்டது. அவர் கை தட்டினார். கணவர் போய்விட்டாரா என்று கேலி வேறு. அப்புறம், வருகிற பிப்ரவரியில் தோழியோடு தமிழ்நாடு வருவதாகவும் மதுரையும் தஞ்சாவூரும் பார்க்கப் போவதாகவும் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிஜமாகவா என்று கேட்க வேண்டும். அதற்கு ஹொன்-தோ என்பார்கள்.

மெல்லினத்துக்குப் பிறகு வருகிற வல்லினத்தை நான் இன்னும் தொடவே இல்லை. பந்து, சங்கு, கம்பு என்று பழகிய வாய். கெங்கி, கம்பை, டெம்புரா எல்லாம் என்னிடம் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. ஹொந்தோ என்று குழைத்துச் சொன்னால் அது கோயிலின் மூல மண்டபம்.

“ஹொந்தோ?” என்று கத்தினேன்.

சென்செய் பேனாவை எடுத்துக்கொண்டு, “எந்தக் கோயிலில்?” என்றார்.