ஆனித் தேர் வருது, காலையில மட்டும் வந்துட்டுப் போயிராதீங்க

மக்களே, ஆனித் திருவிழா கிட்ட வந்துட்டு. நெல்லையப்பர் கோவில்ல கொடியேறிட்டுன்னா அதுக்கப்புறம் பத்து நாளைக்கு டவுன் வேற ஊரு மாதிரி ஆயிரும், இத நான் திருநெல்வேலிக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, ஆனா சென்னைலயும் பெங்களூர்லயும் துபாய்லயும் உக்காந்துட்டு "இந்த வருஷம் தேர் என்னைக்கி"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டீங்க, அதனால உங்களுக்கும் சேத்து ஊர்ல என்னல்லாம் நடக்குதுன்னு ஒரே மூச்சுல எழுதிருதேன்.

மொதல்ல தேர். கணக்கு எப்பவும் போலத்தான், கொடியேறி ஒம்பதாம் நாள் தேரோட்டம். அன்னைக்கி மாவட்டத்துக்கே லோக்கல் லீவு விடுவாங்க. அதுக்கு முன்னாடி வர்ற எட்டு நாளும் காலையிலயும் ராத்திரியும் சுவாமி அம்பாள் வீதியுலா இருக்கு, சாயங்காலம் கோவிலுக்குள்ள சொற்பொழிவு, பாட்டு, பரதம்னு ஏதாவது ஒன்னு நடந்துகிட்டே இருக்கும். வெள்ளி ரிஷப வாகனம் வர்ற அன்னைக்கி ராத்திரி மட்டும் பிள்ளைகள கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. தேரோட்டத்துக்கு கூட்டிட்டு வந்தா நெரிசல்ல பிள்ளைக்கு மத்தவங்க முதுகு மட்டுந்தான் தெரியும், ரிஷப வாகனத்துக்கு வந்தா ரதவீதில எங்கயாவது ஒரு திண்ணைல உக்கார வச்சி சாமிய நல்லா நிதானமா காட்டலாம்.

இப்பமே கீழ ரதவீதில தேருக்கு மேல போட்டிருக்க கூண்ட பிரிக்குற வேலை ஆரம்பிச்சிரும், தீயணைப்பு வண்டி வந்து தண்ணிய பீச்சி தேர கழுவும், ஒரு வருஷத்து தூசி ஓடி கறுப்பா இருந்த மரத்துல யாளி, குதிரை, பெண் உருவம்னு ஒவ்வொன்னா கண்ணு மூக்கோட தெரிய ஆரம்பிக்கும். அத பாக்கவே ஒரு தடவ கடைக்குப் போற மாதிரி கீழ ரதவீதி பக்கம் போயிட்டு வரலாம், சாரம் கட்டி துணி சுத்தி அலங்காரம் வந்துட்டா அந்த சிற்பம் பாதி மறைஞ்சிரும். திருவாரூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அடுத்தபடியா தமிழ்நாட்டுல மூணாவது பெரிய தேருன்னு நம்ம சாமி தேர சொல்லுவாங்க. அஞ்சு தேர் ஓடும். பிள்ளையார், முருகர், சாமி, அம்மன், சண்டிகேஸ்வரர்.

இதுல நான் முக்கியமா சொல்ல வந்தது என்னன்னா, இந்த தேர மனுசங்கதான் இழுக்காங்க. புல்டோசர் கிடையாது, பின்னாடி தள்ள மிஷின் கிடையாது, வடத்த புடிச்சி இழுத்தாத்தான் நகரும், பின்னாடி நெம்புதடி போட்டு கிளப்புனாத்தான் சக்கரம் புரளும். 500 வருஷத்துக்கு மேல இப்படித்தான் ஓடுது. கொரோனா வந்து 2020லயும் 2021லயும் ஓடாம நின்னுது, 2022ல திரும்ப ஓடுனப்ப ரதவீதில நின்ன வயசானவங்க கண்ணுல தண்ணி வந்தத நான் பாத்தேன், அந்த வருஷம் இழுக்க ஆள் தேடவே வேண்டியதில்ல, வடத்துல கை வைக்க எடம் கிடைக்கல.

ஆனா மத்த வருஷங்கள்ல என்ன நடக்குதுன்னா, காலையில ஏழு எட்டு மணிக்கு தேர் கிளம்பும்போது கூட்டம் அலைமோதும். எல்லார் கையிலயும் போன் மேல தூக்கியிருக்கும். தேர் தேரடிய விட்டு ஒரு குலுக்கு குலுக்கி நகர்ந்த உடனே "நெல்லையப்பா"ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, நெஞ்சுக்குள்ள ஏதோ பண்ணும். அத வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டு பத்து மணிக்கெல்லாம் பாதி பேரு வீட்டுக்கு கிளம்பிருதாங்க. அதுக்கப்புறம் வெயில் ஏறும், தேரு வாகையடி முக்குலயோ லாலா சத்திர முக்குலயோ வந்து நின்னுரும், திரும்பணும், அங்கதான் உண்மையான வேலையே இருக்கு. அந்த நேரத்துல வடத்துல ஆள் குறைவா இருந்தா இருக்கவங்க கை கிழிஞ்சிரும்.

முக்குல தேர் திரும்புறத பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்களா? சக்கரத்துக்கு அடியில சறுக்குக்கட்டைய கொண்டுபோய் வைக்குறவர் தேரையே பாக்க மாட்டாரு, தரைய மட்டுந்தான் பாப்பாரு. சக்கரம் கட்டைமேல ஏறி வழுக்கி எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் ஒரு சாண் திரும்பும். கட்டையில இருந்து புகை வரும், மரம் கருகுன வாசனை அடிக்கும், தண்ணிய ஊத்துவாங்க. உடனே அடுத்த கட்டை. பின்னாடி நெம்புதடில ஏறி நிக்குறவங்க ஒருத்தர ஒருத்தர் தோள புடிச்சிகிட்டு ஒரே தாளத்துல குதிப்பாங்க. முன்னாடி வடம் புடிக்குறவங்களுக்கு பின்னாடி நடக்குறது எதுவும் தெரியாது, தேர்மேல நின்னு ஒருத்தர் துண்ட வீசி காட்டுற சைகைய வச்சித்தான் எல்லாம். யாராவது ஒருத்தர் அவசரப்பட்டாலும் ஆபத்து. இந்த வேலைய பரம்பரையா செய்யுறவங்க இருக்காங்க, இவங்களுக்கு அன்னைக்கி குடிக்க ஒரு டம்ளர் மோர் நீங்க கொண்டு குடுத்தா அதவிட பெரிய சேவை எனக்கு தெரியல.

2024ல வடம் பல தடவ அறுந்துச்சு, ஞாபகம் இருக்கும். அறுந்து அறுந்து நின்னு, இரும்புச் சங்கிலிய கொண்டு வந்து மாட்டி, ஊரே கையப் பிசைஞ்சிகிட்டு நின்ன நாள் அது. அதுக்குப் பொறவு வடத்து விஷயத்துல எல்லாரும் கவனமாத்தான் இருக்காங்க, ஆனாலும் ஊர்க்காரங்க நாம முன்கூட்டியே கேக்கணும், புது வடம் எப்ப வந்துது, எப்படி சோதிச்சாங்க, ரதவீதில தோண்டிப்போட்ட குழியெல்லாம் மூடியாச்சா, மூடுன எடம் இறுகிட்டா. மேல தார் போட்டு பளபளன்னு இருக்கும், அடியில மண்ணு உக்காராம இருந்தா தேர்ச்சக்கரம் அதுல இறங்குனா என்ன ஆவும்னு யோசிச்சிப் பாருங்க. இது குறை சொல்லுறதுக்காக கேக்கல, நம்ம கவுன்சிலர்கிட்ட கேக்க நமக்கு எல்லா உரிமையும் இருக்கு, கேட்டா வேலையும் கொஞ்சம் சீக்கிரம் நடக்குது.

இன்னொரு விஷயத்த சொல்லாம தாண்ட முடியல. கோவில் யானை காந்திமதி இல்லாம ஓடுற தேருக்கு மனசு இன்னும் பழகல. 2025 ஜனவரில நம்ம யானை போயிட்டா. இந்த ஊர்ல பொறந்த எல்லா பிள்ளையும் அவகிட்ட துதிக்கையால தலைல ஆசீர்வாதம் வாங்கியிருக்கும், திருவிழான்னா கொடிப்பட்டத்த சுமந்துகிட்டு முன்னால அவதான் போவா, மணிச்சத்தம் கேட்டே சாமி வருதுன்னு வீட்டுக்குள்ள இருக்கவங்க வெளிய வருவாங்க. அவ போன அன்னைக்கி ரதவீதில கடைக்காரங்க, ஆட்டோக்காரங்க, ஸ்கூல் பிள்ளைங்க எல்லாரும் மாலையோட வந்து நின்னாங்க. அடுத்து யானை வேணுமா வேண்டாமான்னு ஊருக்குள்ள ரெண்டு பக்கமும் பேசுதாங்க. என்னைய கேட்டா, காட்டுல இருக்க வேண்டியத கல்தரைல நிப்பாட்ட இனிமே வேண்டாம், அவ ஒருத்தியோட நினைவு போதும். இதுல என்கூட சண்டைக்கு வர்றவங்க வீட்டுலயே இருக்காங்க.

வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு சில விஷயம். சென்னைல இருந்து வந்தே பாரத்துல இப்ப 20 பெட்டி, ஆனாலும் தேர் சமயத்துல டிக்கெட்டு கிடைக்குறது லேசு இல்ல, தேதி தெரிஞ்ச உடனே போட்டுருங்க. தேர் அன்னைக்கி கார எடுத்துகிட்டு டவுனுக்குள்ள வரவே வேண்டாம், டவுனுக்குள்ள நுழையுற ஆர்ச்சுக்கு முன்னாடியே எங்கயாவது நிறுத்திட்டு நடந்து வாங்க. பஸ்ல வர்றவங்க புது பஸ் ஸ்டாண்டுல இறங்குனாலும் ஜங்ஷன்ல இறங்குனாலும் அங்க இருந்து டவுனுக்கு பஸ் இருக்கும், ஆனா எது வரைக்கும் போவுதுன்னு கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. நகைய வீட்டுல வச்சிட்டு வாங்க. செருப்ப வடத்துக்குப் பக்கத்துல கழட்டிப் போடாதீங்க, இழுக்குறவங்க காலு தட்டி விழுந்தா பின்னாடி வர்றது தேர்.

சரி, தேர விட்டு நம்ம தாமிரபரணி ஆத்துக்கு வருவோம். ஜூன் வந்துட்டுன்னா இங்க எல்லாரும் காலையில மொதல்ல பாக்குறது அணை நீர்மட்டந்தான். பாபநாசம் 143 அடில எவ்வளவு, மணிமுத்தாறு 118 அடில எவ்வளவு. கார் பருவ நெல் சாகுபடிக்கு தண்ணி தொறப்பாங்களா மாட்டாங்களான்னு வயல் வச்சிருக்கவங்க வயித்துல நெருப்போட இருக்க நேரம் இது. மேல பொதிகை மலைல சாரல் புடிச்சா இங்க ஆத்துல நெறம் மாறும்.

ஆனா தண்ணி வந்தா மட்டும் போதுமா? சுத்தமல்லி அணைக்கட்டுல இருந்து பிரிஞ்சி வர்ற நெல்லைக் கால்வாய் டவுனுக்குள்ள வரும்போது என்ன கோலத்துல இருக்குன்னு போய் பாருங்க. வயலுக்குப் போற வாய்க்கா அது. அந்தப் பக்கம் மேலப்பாளையத்துல பாளையங்கால்வாயும் அதே கதிதான், ரெண்டு கரைலயும் உள்ள வீட்டு சாக்கடை நேரா அதுலதான் விழுது. 2024 நவம்பர்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்து ஆத்துல கழிவு கலக்குறத பாத்துட்டுப் போனாங்க. கோர்ட்டே இறங்கி வந்து பாக்குற அளவுக்கு நாம விட்டுட்டோம். குறுக்குத்துறைல படில எறங்குனா மொத காலு வைக்குறது ஷாம்பு பாக்கெட்டு மேல, அடுத்த படில யாரோ கழட்டிப் போட்ட வேட்டி, அதுக்குக் கீழ பாசி. அதே எடத்துல நடு ஆத்துல முருகன் கோவில் நிக்குது, 2023 டிசம்பர் வெள்ளத்துல முழுசா முங்கி எந்திரிச்ச கோவில். வெள்ளம் வடிஞ்சப்ப மரக்கிளை எல்லாத்துலயும் பிளாஸ்டிக்கு தொங்குச்சே, அது எங்க இருந்தோ வந்ததில்ல, நாம போட்டதுதான்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு அன்னதானம், மோர்ப்பந்தல் போடுற அமைப்புக்காரங்க, நண்பர்கள் குழு எல்லாரும் தயவுசெஞ்சி பேப்பர் கப்பும் பிளாஸ்டிக்கு டம்ளரும் வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் நூறு வாங்கி, கழுவ ரெண்டு பேர நிப்பாட்டுனா முடிஞ்சிது. தேர் முடிஞ்ச மறுநாள் காலையில ரதவீதிய கூட்டுற தூய்மைப் பணியாளர் அக்காமாருங்கள நான் பாத்திருக்கேன், கால் முட்டி வரைக்கும் குப்பை, அதுல பாதி கப்பு. மழை பேஞ்சா அது அப்படியே வாய்க்காலுக்குப் போவும், வாய்க்கால்ல இருந்து ஆத்துக்கு.

ஊருக்கு வர்ற சொந்தக்காரங்கள எங்க கூட்டிட்டுப் போறதுன்னு இனிமே யோசிக்க வேண்டாம். நாகர்கோவில் போற ரோட்டுல ரெட்டியார்பட்டி மலைகிட்ட பொருநை அருங்காட்சியகம் இருக்கு, 2025 டிசம்பர்ல திறந்தது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, துலுக்கர்பட்டின்னு நம்ம பக்கத்துல தோண்டி எடுத்ததுதான் எல்லாம். சிவகளைல முதுமக்கள் தாழிக்குள்ள கிடைச்ச நெல்லு 3,200 வருஷத்துக்கு முந்தினதுன்னு ஆய்வுல வந்துச்சு, அங்க கிடைச்ச இரும்பு 5,300 வருஷம் பழசுன்னு 2025 ஜனவரில அறிவிச்சாங்க. நெல்லைன்னா அல்வான்னு மட்டும் தெரிஞ்ச ஆளுகள அந்தத் தாழிக்கு முன்னாடி கொண்டு நிப்பாட்டுங்க. அதே தண்ணில வெளைஞ்ச நெல்லுதான் இன்னைக்கும் நம்ம சாப்பாடுன்னு பிள்ளைகளுக்கு சொல்லுங்க. வெயில் தாழ போங்க, நடக்க வேண்டியது நெறைய இருக்கு.

ஆனி முடிஞ்சா ஆடி. நெல்லையப்பர் கோவில்லயே ஆடிப்பூரத் திருவிழா, அதுல காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். முளைகட்டுன பயறு மடில கட்டுறது, வளையல் பிரசாதம்னு பொம்பளைங்க கூட்டம் தேருக்கு வந்த கூட்டத்துல பாதியாவது இருக்கும். அதுக்கு ஆம்பளைங்க அன்னைக்கி கொஞ்சம் சமையல பாத்துக்கிட்டு வீட்டுப் பொம்பளைங்கள நிம்மதியா அனுப்பி வைங்க.

ஆடி அமாவாசைக்கு காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போறவங்க இப்பமே குடும்பத்துல பேசி வச்சிருப்பீங்க. குடில் போட்டு தங்குறது, எத்தன நாளுக்கு அனுமதி, எது வரைக்கும் சொந்த வண்டில போலாம், எங்க இருந்து அரசு பஸ்ல ஏறணும்ங்கிறதெல்லாம் வருஷா வருஷம் மாறுது, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து அறிவிப்பு வந்த பொறவு பிளான் பண்ணுங்க. வாட்ஸப்ல சுத்துற போன வருஷத்து நோட்டீஸ நம்பி பாத்திரம் பண்டத்த ஏத்திட்டு கிளம்பிராதீங்க. அது புலிகள் காப்பகம், உள்ள பிளாஸ்டிக்கு கொண்டுபோவ விடமாட்டாங்க, செக்போஸ்ட்டுல எல்லாத்தையும் பிரிச்சிப் பாப்பாங்க. துணிப்பைல கட்டிட்டுப் போனா நேரம் மிச்சம்.

தேர் அன்னைக்கி மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நான் வடத்துகிட்டதான் நிப்பேன். சாப்பிட்டு கை கழுவிட்டு ஒரு துண்டோட வந்துருங்க, வெறுங்கையால புடிச்சா கயிறு உரசி தோலு போயிரும், உள்ளங்கைல துண்ட சுத்திகிட்டு புடிங்க. தேரு நிலைக்கு வர்ற வரைக்கும் ஆள் வேணும்.