பக்கக் காற்றில் பாதி வேலை தரையில்தான்

பக்கக் காற்றில் விமானம் இறக்குவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் சக்கரம் தரை தொடுகிற நொடியைத்தான் கேட்பார்கள். யூடியூபில் காட்டுவதும் அதைத்தான். விமானம் கோணலாக வரும், கடைசியில் நேராகும், சக்கரம் புகையும், வீடியோ முடிந்துவிடும். நிஜத்தில் அங்கே பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, வேகம் நன்றாகக் குறைகிறவரை மீதி இருக்கிறது, புதிதாக வரும் துணை விமானிகள் அதிகம் திணறுவதும் அந்த மீதியில்தான்.

நான் ஏடிஆர் 72 என்ற இரட்டை விசிறிப் பயணி விமானம் ஓட்டுகிறேன், பயிற்சியும் கொடுக்கிறேன். மலேசியாவில் கோலாலம்பூர் அருகே உள்ள சுபாங்கிலிருந்து பினாங்கு என் வழக்கமான பாதை. பினாங்கு விமான நிலையமான பாயான் லெப்பாஸின் ஓடுபாதை 04/22, அதாவது ஒரு முனையிலிருந்து இறங்கினால் ஏறக்குறைய 040 டிகிரி திசை, மறுமுனையிலிருந்து 220. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி இடியும் மழையுமாக ஒரு வரிசை மேகம் வரும், சுமத்ரா என்று சொல்வோம். காற்று சட்டென்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கிப் பலக்கும். அது பாலிக் புலாவ் பக்கத்து மலைகளைத் தாண்டி வருவதால் சீராகவும் இருக்காது, முட்டி முட்டி வரும்.

270 டிகிரியிலிருந்து 24 நாட் (மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர்) என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் சொல்கிறார்கள், நாம் 22இல் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 50 டிகிரி. இதில் பக்கவாட்டில் தள்ளுகிற பங்கு எவ்வளவு என்று அறிய அந்த நேரத்தில் யாரும் சைன் அட்டவணை பார்க்க மாட்டார்கள். கோணத்தைக் கடிகார நிமிடமாக எடுத்துக்கொள்வோம்: 30 என்றால் பாதிக் காற்று, 45 என்றால் முக்கால், 60க்கு மேல் முழுசு. 50க்கு ஆறில் ஐந்து பங்கு, ஆக 20 நாட். சரியான கணக்கு 18 சொச்சம்தான் வரும், ஆனாலும் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

115 நாட் வேகத்தில் வரும்போது அந்தக் காற்றைச் சமாளிக்க மூக்கு சுமார் 9 டிகிரி வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கிராப் என்பது இதுதான். வலது இருக்கையில் இருக்கும் துணை விமானிக்கு ஓடுபாதை தன் கண்ணாடியில் தெரியாமல் கேப்டன் பக்கக் கண்ணாடியில் தெரியும், அது மனசுக்கு ஒப்பாது, உடனே மூக்கைத் திருப்பத் தோன்றும். திருப்பினால் விமானம் இடப்பக்கம் நகர ஆரம்பித்துவிடும். "தம்பி, எங்கே தெரியுதுன்னு பார்க்காதீங்க, நகராம நிக்குதான்னு மட்டும் பாருங்க" என்று சொல்வேன்.

தரைக்கு மேல் சில அடி உயரத்தில் மூக்கை இடம் வலம் திருப்பும் ரடரின் இடது மிதியை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். நேராக்கும்போது வலது இறக்கை முன்னே வீசப்பட்டு மேலே எழும்பும், அதனால் அதே மூச்சில் கட்டுப்பாட்டு வளையத்தை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். வலது சக்கரம் முதலில் தொடும், அப்புறம் இடது, அப்புறம் மூக்குச் சக்கரம். சிறிய பயிற்சி விமானத்தில் வெகு முன்னாலிருந்தே இறக்கையைச் சாய்த்தபடி வரலாம், எனக்கு அது கற்றுக்கொள்பவருக்கு நல்ல வழியாகவே படுகிறது. இறக்கைக்கு அடியில் என்ஜின் தொங்கும் 737 போன்றவற்றில் அதிகம் சாய்த்தால் என்ஜின் தரையில் உரசும்.

சரி, தொட்டாயிற்று. இங்கேதான் கைகள் தளர்ந்துவிடுகின்றன. ஏடிஆரில் இறக்கை நுனிக்கு நுனி 27 மீட்டர், ஆனால் சக்கரங்கள் உடலோடு ஒட்டி இருப்பதால் அவற்றின் நடுவே 4 மீட்டர்தான் இடைவெளி. காற்று வலது இறக்கையின் அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும், வால் துடுப்பைத் தள்ளி மூக்கைக் காற்றின் பக்கம் இழுக்கும். வேகம் குறையக் குறைய எய்லரானும் (வளையத்தைச் சாய்த்தால் இறக்கையைத் தாழ்த்தும் பலகை) ரடரும் வலுவிழக்கும், ஆகவே அவற்றை விடக் கூடாது, இன்னும் அதிகமாக்க வேண்டும். மூக்கு வலப்பக்கம் திரும்பிய நிலையில் ரிவர்ஸ் போட்டால், அதாவது வேகத்தைக் குறைக்க விசிறிகளைப் பின்னோக்கி இழுக்க வைத்தால், அந்த இழுவையில் ஒரு பங்கு விமானத்தை இடது ஓரத்துக்கே கொண்டுபோகும், ஈர ஓடுபாதையில் இன்னும் மோசம். அப்போது ரிவர்சைக் குறை, பிரேக்கை விடு, முதலில் நேராக்கு, பிறகு நிறுத்து. இந்த வரிசையைச் சிமுலேட்டரில் கை தானாகச் செய்கிறவரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வேன்.

ஒருமுறை பட்டர்வொர்த்தில் இருக்கும் மகளைப் பார்க்க வந்த அம்மா ஒருவர், இறங்கும்போது கதவருகே நின்று, "என்ன தம்பி, டமார்னு போட்டுட்டீங்க?" என்று கேட்டார். மழை ஓடுபாதையில் பூப்போல இறக்கினால் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேலேயே வழுக்கிப் போகும், அழுத்தி இறக்கினால்தான் தரையைப் பிடிக்கும் என்று சொன்னேன். "அப்போ சரிப்பா" என்றார். பயணிகளுக்கு இதை விளக்க இன்னும் அதிகமாக நேரம் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

ஏடிஆர் 72க்கு 35 நாட் பக்கக் காற்று வரை இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். காட்டியவர்கள் சோதனை விமானிகள். ஓடுபாதை ஈரமாக இருந்தால் எங்களுக்குள்ள வரம்பு அதைவிடக் கீழே. வரம்புக்குள் இருந்தும் கடைசி நேரத்தில் விமானம் நடுக்கோட்டை விட்டு நகர்ந்துகொண்டே இருந்தால் கோ-அரவுண்ட்தான், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடுவதுதான், அதற்கு யாரும் என்னிடம் காரணம் சொல்லத் தேவையில்லை. சுமத்ரா பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். அதனால் மே முதல் செப்டம்பர் வரை காலை முதல் விமானத்துக்கு நான் கூடுதல் எரிபொருள் போடச் சொல்வேன், என்னிடம் பயிற்சி பெறுகிறவர்களையும் அதைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.