டோக்கியோவில் சோறு கிடைக்கும் இடங்கள்

இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, மகளோடு விளையாட அவள் வகுப்புத் தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். மதியம் இருவருக்கும் தட்டில் சோறு வைத்து, பருப்பும் நெய்யும் விட்டு, ஓரத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் வைத்தேன். அந்தப் பிள்ளை தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக மகளிடம் கேட்டாள்: "இன்னைக்கு நாண் இல்லையா?" எங்கள் வீட்டில் எப்பவும் சோறுதான் என்று மகள் சொன்னதும் அவளுக்குக் கண் விரிந்தது. "அப்போ எங்களை மாதிரியே!"

எட்டு வயதுப் பிள்ளை, அது மேல் என்ன தப்பு இருக்கிறது? ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் திருநெல்வேலிக்காரி. ஊர்ப் பெயரிலேயே நெல் இருக்கிறது. ஊரில் இருந்த இருபத்தைந்து வருடத்தில் நான் நாண் சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள். எந்த நேரத்துக்கு எங்கே சாப்பிடலாம் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வருடம் இருந்தவளுக்கு இது பெரிய காரியமா என்று உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

நான் வந்த முதல் வாரமும் இப்படித்தான் தொடங்கியது. எனக்கு வரவேற்பு விருந்து வைக்க அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து ஓர் இந்திய உணவகத்தைப் பிடித்திருந்தார்கள். "உங்கள் ஊர்ச் சாப்பாடு, கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்" என்றார் மேலாளர். தட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு ஒரு நாண் வந்தது. யானைக் காது அளவு. தொட்டால் சூடு, கடித்தால் லேசான இனிப்பு. இன்னொன்று வேண்டுமென்றால் காசு இல்லாமல் தருவார்களாம். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அன்பாகக் கூட்டி வந்தவர்களிடம் இது எங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டே பிய்த்துச் சாப்பிட்டேன்.

கை கழுவப் போனபோது அந்தக் கடை அண்ணன் என்னைப் பார்த்து, இந்தியில் எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். "சோறு வேணுமா?" என்றார். அவர் நேபாளக்காரர். இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் நாண் கடைகளில் நிறைய அவர்கள் நடத்துவதுதான். உள்ளே அவர்களுக்காக வைத்திருந்த சோற்றில் ஒரு கிண்ணம், மேலே மஞ்சள் பருப்பு, ஒரு துண்டு ஊறுகாய் என்று கொண்டுவந்து சத்தமில்லாமல் என் முன்னால் வைத்தார். சோறு தின்கிற நேபாளம், சோறு தின்கிற ஜப்பான், சோறு தின்கிற திருநெல்வேலி, மூன்று பேரும் ஒரே மேசையில். நடுவில் நாண். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், கூடவே தொண்டையும் அடைக்கும்.

அதனால் வரப்போகிறவர்களுக்கு முதலில் எழுதியது இதுதான்: அலுவலகம் முடிந்து, பேச ஆள் இல்லாமல், அறைக்குப் போகவும் மனசில்லாத மாலை ஒன்று வரும். அன்றைக்கு ஷின்-ஓகுபோ போங்கள். கொரியக் கடைகளுக்குப் பேர் போன இடம், ஆனால் நேபாளிகள் தங்களுக்காகவே நடத்தும் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே நிறைய உண்டு. தால் பாத் என்று கேளுங்கள். சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய் வரும். நம் பருப்பு இல்லைதான், ஆனால் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

இத்தனைக்கும் இந்த நகரத்தில் பேர் பெற்ற பழைய இந்தியக் குழம்புகள் இரண்டுமே சோற்றோடு வந்தவை. 1915-இல் ஆங்கிலேயருக்குத் தப்பி ஜப்பான் வந்த விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸை, ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக் கடை வைத்திருந்த தம்பதி ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். பின்னாளில் அவர்கள் மகளையே அவர் கட்டிக்கொண்டார். 1927-இல் அந்தக் கடையில் இந்தியக் குழம்பும் சோறும் விற்பனைக்கு வந்தது அவரால்தான். கின்ஸாவில் இருக்கும் நாயர் உணவகம் 1949-இல் தொடங்கியது. கேரளத்திலிருந்து படிக்க வந்து, இங்கிருந்தே சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய ஏ.எம். நாயர் வைத்த கடை. எங்கள் வீட்டில் சைவம், ஆனால் கோழி சாப்பிடுகிறவர்கள் யார் வந்தாலும் அங்கே ஒருமுறை அனுப்பிவிடுவேன். கோழிக்காலின் எலும்பை நம் கண் முன்னாலேயே உருவிவிட்டு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடச் சொல்வார்கள். வெள்ளைச் சோற்றைத் தனியாக ரசித்துச் சாப்பிடும் இந்த ஊரில் எழுபது வருடத்துக்கு மேலாக ஒரு கடை பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

மற்ற இடங்களை வேகமாகவே எழுதினேன். அலுவலக விருந்து என்றால் இஸகாயா, குடித்துக்கொண்டே சாப்பிடும் கடை. கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வரும், அதற்கும் கணக்கில் காசு சேரும், திகைக்க வேண்டாம். சைவமென்றால் விருந்து ஏற்பாடு செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரமும் உப்புப் போட்டு அவித்த எடமாமே என்ற பச்சை சோயாக் காய்தான். அவசரத்துக்கு கோகோ இச்சிபான்யா, குழம்பும் சோறும் விற்கும் கடை. காரத்தை எண் சொல்லிக் கேட்கலாம், சோற்றை கிராம் கணக்கில் கேட்கலாம். சைவக் குழம்பு எல்லாக் கிளையிலும் இருக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள். பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் குடும்ப உணவகங்கள் போதும். குளிர்பான இயந்திரத்துக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள், நாம் நிம்மதியாகப் பேசலாம்.

பெற்றவர்கள் ஊரிலிருந்து வந்தால்தான் கஷ்டம். அம்மா வந்தபோது முதல் மூன்று நாளும் எங்கே போனாலும் மீன். வெறும் காய்தானே என்று வாங்கினால் அது வெந்த சாற்றில் மீன். சோயாப் பாலில் செய்த டோஃபு மேலே மீன் சீவல். கோதுமை நூடுல்ஸ் மிதக்கும் தெளிந்த நீரிலும் மீன். "என்னட்டி, பச்சத் தண்ணிலயும் மீனப் போட்டு வச்சிருப்பான் போலிருக்கே" என்றாள்.

நாலாம் நாள் தகாவோ மலைக்குக் கூட்டிப் போனேன். 599 மீட்டர்தான், ஷின்ஜுகுவிலிருந்து கேயோ ரயிலில் ஒரு மணி நேரம். மேலே யாகுஓயின் கோயிலில் முன்பதிவு செய்தால் துறவிகள் சாப்பிடும் ஷோஜின் சாப்பாடு கிடைக்கும். மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சின்னச் சின்னக் கிண்ணங்கள், எள்ளில் செய்த டோஃபு, மலைக்கீரை. அம்மா ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஆனால் கடைசிக் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மோர்ச் சோறு இல்லாமல் அவளுக்குச் சாப்பாடு முடியாது.

இறங்கி வந்ததும் கடையில் இனிப்பில்லாத தயிர் ஒரு டப்பாவும் இரண்டு ஓனிகிரியும் வாங்கினேன். ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றியிருந்த கடற்பாசித் தாளை உரித்துவிட்டு, அந்தச் சோற்று உருண்டையைத் தயிர் டப்பாவிலேயே போட்டுக் கரண்டியால் மசித்தாள் அம்மா. நடுவில் சிவப்பாக உமெபோஷி வந்தது. இந்த ஊர் ஊறுகாய், உப்பும் புளிப்புமாக இருக்கும். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"ஏ, இது நம்ம மாவடுல்லா!"

அந்த பெஞ்சையும் பட்டியலில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு ஒலி கேட்காத சுவர்கூடப் பழகிவிட்டது. ஆனால் மகள் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் பிள்ளைகளின் மதிய உணவைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு ஸ்டூ, உள்ளே கேரட்டும் உருளைக்கிழங்கும். பாலும் வெண்ணெயும் போட்டுச் செய்வது. கண்ணுக்கு அது அப்படியே சொதி. அந்த நொடியில் நான் அக்கா கல்யாணத்து மறுவீட்டுப் பந்தியில் இருந்தேன். வாளியில் ஆவி பறக்கும் தேங்காய்ப்பால், அதில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும், இலை ஓரத்தில் இஞ்சிப் பச்சடி. சித்தப்பா குனிந்து, "இன்னும் ஒரு கரண்டி" என்று ஊற்றிக்கொண்டே போகிறார். ஆசிரியை என்னிடம் ஏதோ கேட்டார், இரண்டாம் தடவைதான் காதில் விழுந்தது.

சரி, நம் ஊர்ச் சாப்பாடே வேண்டும் என்ற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒகாச்சிமாச்சி. அது நகைக் கடைத் தெரு. கல் வியாபாரம் செய்யும் இந்தியர்கள் அங்கே உண்டு, அவர்களில் சமணர்களும் இருப்பதால் சைவக் கடைக்கு ஆதரவு இருக்கிறது. தென்னிந்திய மீல்ஸ் இப்போது ஜப்பானியரிடமே பிரபலம். 'மீருசு' என்றே அவர்கள் மொழியில் பேராகிவிட்டது. ஒருமுறை பக்கத்து மேசையில் கோட் போட்ட இளைஞர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்தார். அப்பளத்தைச் சோற்றின் மேல் நொறுக்கினார். ரசத்தை ஊற்றிக் கையால் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். என்னவோ என் வீட்டுப் பிள்ளை சாப்பிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிறு மகளின் தோழியை, அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அங்கேதான் கூட்டிப் போனேன். கையால் சாப்பிடலாமா என்று கேட்டாள். ஓனிகிரியைக் கையால்தானே தின்கிறாய் என்றாள் என் மகள். அவ்வளவுதான், சூடான கைத்துவாலையால் விரல் விரலாகத் துடைத்து, கைகூப்பி, சாப்பிடுமுன் இங்கே சொல்லும் "இததாகிமாசு" சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். முதல் இரண்டு கவளம் சிந்தியது. மகள் பக்கத்திலிருந்து கட்டை விரலால் தள்ளுவது எப்படி என்று காட்டினாள். சாம்பார், அப்புறம் ரசம், அப்புறம் தயிர் என்று வரிசை சொல்லிக்கொடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. எங்கே பார்த்தாளோ.

பரிமாறுகிறவர் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார். இன்னும் வேணுமா என்று அவர் கேட்பதற்குள் என் வாய் தமிழில், "வைங்க, நல்லா வைங்க, பிள்ளை சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டது. அவருக்கும் புரிந்தது. அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிப் பிடித்து வாங்கிக்கொண்டது. கடைசியில் தட்டில் ஒரு பருக்கை இல்லை.

வருகிற சனிக்கிழமையும் வீட்டுக்கு வருகிறாளாம். சொதி வைக்கப் போகிறேன். முருங்கைக்காய் ஷின்-ஓகுபோவில் உறைய வைத்தது கிடைக்கும், இங்கே இஞ்சியும் நல்ல இஞ்சி. தேங்காய்ப்பால் மட்டும் டின்னில் வந்ததுதான்.