வார்டில் கற்றுக்கொண்ட ‘நீ’

ஸ்லோவாக்கியாவின் கிழக்கே, கோஷிட்சே நகரில் மருத்துவம் படித்தேன். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் வார்டுக்குப் போனால் நோயாளிகளிடம் ஸ்லோவாக் பேசியாக வேண்டும். அந்த மொழியிலும் நீ, நீங்கள் உண்டு: ‘தி’, ‘வி’. முன்பின் தெரியாத பெரியவரை ‘தி’ என்று சொல்லக் கூடாது என்றது பாடப்புத்தகம்.

வார்டில் கற்றது வேறு. ரோமா என்ற சிறுபான்மை இனத்து நோயாளி என்றால் ஐம்பது வயதானாலும் ‘தி’தான். காதில் விழுந்ததை நானும் திருப்பிச் சொன்னேன். ஊரில் எங்கள் தோட்டக்காரர் அப்பாவைவிட மூத்தவர். அவரை ‘நீ’ என்று கூப்பிட்டே வளர்ந்தவன் நான். உறுத்தவே இல்லை.

பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வந்த ரோமா பெண்மணி ஒருவர், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். “இவங்க இப்படித்தான்” என்றார் நர்ஸ். நானும் கேஸ் குறிப்பில் ‘ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் சுகாதார உதவியாளர் வந்தார். ரோமா குடியிருப்புகளுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே பாலமாக இருப்பவர்கள் இவர்கள், இவரும் ரோமாதான். என்னைத் தனியே கூப்பிட்டு, “அவங்க அக்கா பிரசவ வலியில ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் குழந்தையே இல்ல” என்றார்.

வதந்தி என்றுதான் நினைத்தேன். தேடிப் படித்தால், 2000-இல் ப்ரெஷோவ் நகரில் ஓர் இளம் ரோமா பெண்ணுக்கு இதேதான் நடந்திருக்கிறது. பிரசவ வலியில் கையெழுத்து, சிசேரியனோடு சேர்த்து நிரந்தரக் கருத்தடை. அவருடைய மருத்துவக் குறிப்பில் ‘ரோமா’ என்றும் எழுதியிருந்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2021-இல்.

திரும்பப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘வி’ என்று ஆரம்பித்தேன். வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பின்னால் திரும்பிப் பார்த்தார். வரி வரியாகப் படித்தேன். உதவியாளர் அவர்களுடைய ரோமானி மொழியில் விளக்கினார். “பித்தப்பையை மட்டும்தானே எடுப்பீங்க?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பதில் சொல்லிவிட்டு, தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். காலையில் கையெழுத்து இருந்தது. ‘ஒத்துழைப்பதில்லை’யை அடித்துவிட்டு, பயத்தின் காரணத்தை எழுதினேன்.

அதற்குப் பிறகும் அவசரத்தில் நாக்கு ‘தி’க்கே போகும், பாதி வாக்கியத்தில் நிறுத்தித் திருத்திக்கொள்வேன். கேஸ் சொல்லும்போது ‘ரோமா பெண்’ என்று தொடங்குவதையும் விட்டேன். பேராசிரியர் கவனிக்கவில்லை. நர்ஸ் கவனித்து, “ரொம்பத்தான் மரியாதை” என்று சிரித்தார். சில வாரம் கழித்து அவரே ஒரு ரோமா பாட்டியிடம் ‘வி’ என்றது காதில் விழுந்தது. பாட்டியைப் பார்க்க வந்த மகனுக்குப் பழையபடி ‘தி’.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது தோட்டக்காரரிடம், “சாப்பிட்டீங்களா?” என்றேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “என்ன தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார்.