விங்க்ஸின் கால்கள்

விங்க்ஸ் என்ற பெண் குதிரை தொடர்ச்சியாக வென்ற 33 பந்தயங்களில் நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது, 2017 ஆகஸ்டில் சிட்னியின் ராண்ட்விக் திடலில் நடந்த 1400 மீட்டர் வார்விக் ஸ்டேக்ஸ். கூண்டுக் கதவு திறந்தபோது மற்றவை பாய்ந்துவிட, விங்க்ஸ் மட்டும் தடுமாறிப் பல குதிரை நீளம் பின்தங்கிக் கடைசியாகப் புறப்பட்டது. ஜாக்கி ஹியூ போமன் பதறவில்லை. கடைசி நேர்ப்பாதையில் வெளிப்பக்கமாக அதைத் திருப்பிய பிறகு, அதே லாயத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்பிளேயை எல்லைக் கோட்டில் மயிரிழையில் முந்தியது.

அந்தக் கடைசி நூறு மீட்டரில் அதன் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். பெரிய பந்தயக் குதிரை என்றாலே நீண்ட பாய்ச்சலைத்தான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் விங்க்ஸின் பாய்ச்சல் அசாதாரண நீளம் கொண்டதல்ல; அதன் பலமெல்லாம் வேகமாகக் கால் மாற்றுவதில் இருந்தது. மற்ற குதிரைகள் ஐந்து விநாடிக்குச் சுமார் 12 பாய்ச்சல் வைக்கும் இடத்தில் விங்க்ஸ் 14 வைத்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மற்றவை களைத்துத் தளரும் நேரத்திலும் அந்தத் தாளத்தை அது விடாமல் பிடித்துக்கொண்டதால்தான், பார்ப்பவர்களுக்கு அது திடீரென்று வேகமெடுப்பதுபோல் தோன்றியது. 1300 மீட்டரிலும் 2200 மீட்டரிலும் ஒரே குதிரை வெல்ல முடிந்ததற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

ஸ்ட்ரீட் க்ரை என்ற ஆண் குதிரைக்கு 2011இல் பிறந்த விங்க்ஸ், கோல்ட் கோஸ்ட் ஏலத்தில் 2,30,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விலைபோனது. அமெரிக்காவைக் கலக்கிய ஜென்யாட்டாவும் அதே தந்தையின் மகள்தான். பயிற்சியாளர் கிறிஸ் வாலரின் லாயத்தில் தொடக்கக் காலத்தில் வெற்றியும் தோல்வியும் மாறி மாறியே வந்தன. 2015 ஏப்ரலில் ஆஸ்திரேலியன் ஓக்ஸில் இரண்டாவதாக வந்ததே அதன் கடைசித் தோல்வி. அடுத்த மாதம் குயின்ஸ்லாந்தில் தொடங்கிய வெற்றி வரிசை, 2019 ஏப்ரலில் ராண்ட்விக்கில் 40,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் அது விடைபெறும்வரை அறுபடவில்லை. ஓடியவை 43, வென்றவை 37, அவற்றில் 25 முதல்தரப் பந்தயங்கள்.

மெல்போர்னில் மூனி வேலியின் வளைவு நிறைந்த சிறு திடலில் 2040 மீட்டர் ஓடும் காக்ஸ் பிளேட்டை 2015 முதல் 2018 வரை நான்கு முறை அது வென்றது. கிங்ஸ்டன் டவுன் என்ற குதிரை மூன்று முறை வென்றதே அதுவரை சாதனையாக இருந்தது. 2016இல் எட்டு குதிரை நீள வித்தியாசம்! இரண்டாவதாக வந்த ஹார்ட்நெல்லும் சாதாரணக் குதிரையல்ல.

ஓய்வுக்குப் பின் விங்க்ஸின் முதல் குட்டி 2020இல் பிறப்பிலேயே இறந்தது. தாயின் உடல்நிலையும் கவலைக்கிடமானது. அதைப் படித்த நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. பியரோ என்ற ஆண் குதிரையின் மகளாக 2022இல் பிறந்த பெண் குட்டி, 2024 ஏப்ரலில் சிட்னி ஏலத்துக்கு வந்து ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தொட்டது. அத்தொகைக்கு ஏலம் எடுத்தவர், விங்க்ஸின் உரிமையாளர்களில் ஒருவரான டெபி கெபிடிஸ். குட்டி தாய்வீட்டை விட்டுப் போகவில்லை.