எத்தனை வாட்ஸ் என்று கேட்காதீர்கள்

படகில் ஆடியோ சிஸ்டம் மாட்டப்போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை வாட்ஸ்? என்ன ஒயர் என்று யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் பணத்தில் பெரும்பகுதி ஒயருக்குத்தான் போக வேண்டும்.

காரில் ஓடும் சாதாரணச் செம்பு ஒயர் கடலில் தாங்காது. உப்பு ஈரம் முனை வழியாக உள்ளே ஏறி, இழைகளைக் கறுக்கடித்துவிடும். வெளியே பார்த்தால் புத்தம் புதுசு. உறையை உரித்தால் உள்ளே கரி. வெள்ளீயம் பூசிய மெரைன் ஒயர்தான் சரி. இணைப்புகளுக்கு, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய். சூடு காட்டினால் குழாய் சுருங்கி, இரண்டு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கும். அந்த வளையம் முழுசாகத் தெரியாவிட்டால் நான் வெட்டிப்போட்டு மறுபடி செய்வேன். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். அது காப்பாற்றுவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை, அதாவது ஆம்ப்பை அல்ல, ஒயர் தீப்பிடிக்காமல் படகை.

வாட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறைகிறது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலோ கூடுவது 3 டெசிபெல்தான். அதனால் பெரிய ஜோடி ஒன்றை வாங்கி அலறவிடுவதைவிட, உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் நான்கு வைப்பது மேல். பேட்டரியும் பிழைக்கும், பக்கத்துப் படகுக்காரரும் திட்டமாட்டார்.

எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு நேரம் போனது. பார்வைக்கு அழகான இடம் ஸ்டீயரிங்குக்கு இருபுறமும். ஓட்டை போடுவதற்கு முன் ஸ்பீக்கரை அங்கே கையில் பிடித்துக்கொண்டு திசைகாட்டியைப் பார்த்தேன். படகு கட்டிக் கிடக்கிறது, முள் மட்டும் நகர்கிறது! ஸ்பீக்கர் காந்தத்தின் வேலை. சரி என்று பின்சீட்டுப் பக்கம் கொண்டுபோனேன். ஆட்டோ பைலட் இருந்தால் அதற்கென்று தனி காம்பஸ் ஏதாவது அலமாரிக்குள் ஒளிந்திருக்கும். அதையும் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் விளிம்பில் சீலன்ட், 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகு, இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நீர்த்தடுப்பு அளவைச் சொல்லும் எண்ணாக ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். வெயிலைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. ஸ்பீக்கரின் ஓரத்து ரப்பர் வெடிப்பது பெரும்பாலும் வெயிலில்தான்.

எல்லாம் முடிந்ததும், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவை அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் வைத்து, பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சைக் குறைத்து, ஆம்ப்பை ஆன் செய்து, ஆஃப் செய்து கேளுங்கள். ஆன் செய்யும்போது இரைச்சல் கூடினால் ஆன்டெனா கேபிள் ஆம்ப்புக்குப் பக்கத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்புறம், பாட்டை ஒரே அமுக்கில் நிறுத்த ஓட்டுபவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்ச். உதவி கேட்டு யாராவது 16-இல் கூப்பிடும்போது வால்யூம் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.